மலை ஊருக்கு ஃபைபர் நெட் வரணுமா, மனு எழுதறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

"எங்கள் ஊருக்கு இன்டர்நெட் வசதி செய்து தர வேண்டும்"னு ஒத்தை வரியில மனு எழுதி எடுத்துக்கிட்டு திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளுக்கு பஸ் ஏறாதீங்க. அப்படி ஒரு மனுவை நானே எழுதிக் கொடுத்திருக்கேன், காலைல டீ மட்டும் குடிச்சுட்டு 20 ஹேர்பின் இறங்கி, வரிசையில நின்னு, ரசீது எல்லாம் வாங்கிட்டுதான் வந்தேன். ஒன்றரை மாசம் கழிச்சு பதில் வந்துச்சு, "தங்கள் ஊராட்சிக்கு கண்ணாடி இழை இணைப்பு ஏற்கனவே வழங்கப்பட்டுள்ளது". முடிஞ்சது கதை. அந்த பதில்ல ஒரு எழுத்து கூட பொய் இல்ல, அதுதான் வயித்தெரிச்சல். ஊராட்சி ஆபீஸ்ல ஃபைபர் லைன் வந்து சேர்ற டப்பா இருக்கு, நிஜம்தான். எங்க ஊரு அந்த டப்பாவுலருந்து 7 கிலோமீட்டர் தள்ளி ரெண்டு எஸ்டேட் தாண்டி இருக்கு, அதைப் பத்தி நான் மனுவுலயும் எழுதல அவங்களும் கேக்கல.

நான் ஆபீசரும் இல்ல வக்கீலும் இல்ல, கேபிள் டிவி காலத்துலருந்து கம்பத்துல ஏறுறவன், இப்ப ஃபைபரை ஒட்டற ஸ்ப்ளைசிங் மெஷினைத் தூக்கிட்டு அடிவாரத்துக்கும் மேலுக்கும் அலையறேன். இதுல எழுதறது எல்லாம் அந்த மனு தோத்ததுக்கு அப்புறம் கத்துக்கிட்டது. ஏற்காட்டை வச்சுதான் சொல்றேன், ஆனா கல்வராயன் மலையோ கொல்லிமலையோ ஊர்ப் பேரை மாத்திக்கிட்டா போதும், பெரும்பாலும் அதே கதைதான்.

முதல்ல கணக்கு எங்க உதைக்குதுன்னு பாருங்க

ஏற்காடு யூனியன்ல ஊராட்சி 9, மலை கிராமம்னு எண்ணினா 67. பாரத்நெட்னு சொல்றாங்கல்ல, 2011ல வேற பேர்ல ஆரம்பிச்சு 2015ல இந்தப் பேரு வச்சது, அதோட ஆரம்ப கணக்கே ஊராட்சி வரைக்கும்தான். நம்ம மாநிலத்துல அந்த வேலையை டான்ஃபிநெட், அதாவது தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனம், எடுத்து செய்யுது, மொத்தம் 12,525 ஊராட்சி, ஒவ்வொண்ணுக்கும் 1 ஜிபிபிஎஸ்னு இலக்கு. இப்ப நீங்களே கணக்கு போட்டுப் பாருங்க, 9 ஊராட்சி ஆபீஸ்ல 9 டப்பா வச்சுட்டா ரிப்போர்ட்ல ஏற்காடு நூத்துக்கு நூறு. மிச்சம் 58 ஊரு எந்த காலத்துலயும் "பாக்கி"ன்னு வராது, ஏன்னா அந்த லிஸ்ட்லயே அதெல்லாம் கிடையாது.

ஆனா 2023 ஆகஸ்ட்ல மத்திய அரசு இந்தத் திட்டத்தை திருத்தி 1,39,579 கோடி ரூபாய்க்கு மறுபடி ஒப்புதல் கொடுத்தாங்க. அதுல ரெண்டு விஷயம் நமக்கு முக்கியம். ஒண்ணு, 2.64 லட்சம் ஊராட்சியை ரிங்கா இணைக்கறது, அதாவது ஒரு பக்கம் கேபிள் அறுந்தாலும் இன்னொரு பக்கமா சுத்தி லைன் வரும். மலைக்கு இது ரொம்ப அவசியம், ஒத்தை லைன் வச்சுக்கிட்டு மழைக்காலத்துல படற பாடு இங்க இருக்கறவங்களுக்கு தெரியும். ரெண்டாவது, ஊராட்சி தலைமை இல்லாத கிராமங்கள் சுமார் 3.8 லட்சம் இருக்குல்ல, அதுக்கெல்லாம் "ஆன் டிமாண்ட்" ஃபைபர், கேட்டா கொடுப்போம்னு எழுதி வச்சிருக்காங்க.

கேட்டா. இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இவ்ளோ நீளமா எழுதறேன். நீங்க கேட்டதா ஒரு காகிதம் எங்கயாவது இருக்கணும், தேதியோட, சீலோட, எத்தனை வீடு கேக்குதுன்ற எண்ணிக்கையோட. டீக்கடையில உக்காந்து நாம கேக்கறது அந்தக் கணக்குல வராது.

தர்மம் கேக்கறோமோன்னு கூச்சப்படவும் வேண்டாம். டெலிகாம் கம்பெனிங்க கணக்கு காட்டற வருமானத்துல 100க்கு 8 ரூபா லைசென்ஸ் ஃபீஸ், அந்த 8ல 5 ரூபா கிராமத்துக்கு வசதி செய்யற நிதிக்குன்னே ஒதுக்கினது, 2002லருந்து இது நடக்குது, 2023 டெலிகாம் சட்டத்துக்கு அப்புறம் அதோட பேரு டிஜிட்டல் பாரத் நிதி. எங்க ஊர் ஆயா ரீசார்ஜ் பண்ற காசுலருந்தும் அதுக்குப் போகுது, சிக்னலுக்கு பாறை மேல ஏறிக்கிட்டே கட்டுது.

டப்பாவைப் போய் கண்ணால பாருங்க

மனு கினு எல்லாம் அப்புறம், முதல்ல ஊராட்சி ஆபீசுக்கு போய் அந்த டப்பா உயிரோட இருக்கான்னு பாருங்க. நான் பாத்த ஒண்ணை சொல்றேன், எந்த ஊராட்சின்னு கேக்காதீங்க. வேற வேலையா போனேன், செயலர் "தம்பி நீ ஃபைபர் ஆளுதானே, இதைக் கொஞ்சம் பாரேன்"னாரு. சாவியைத் தேடவே அரை மணி நேரம். ரூமுக்குள்ள ப்ளீச்சிங் பவுடர் மூட்டை, கொசு மருந்து மெஷின், அதுக்குப் பின்னாடி ரேக்கு. தொறந்தா மூலையில பல்லி முட்டை. ஓஎன்டிக்கு, அதாவது நான் சொல்ற அந்த டப்பாவுக்கு, கரண்டே இல்ல, ஏன்னா அந்த ப்ளக்குல மைக் செட் ஆம்ப்ளிஃபையர் சொருகி இருந்துச்சு, கிராம சபைக்கு சொருகினதை யாரும் எடுக்கல. பேட்டரி இருக்க வேண்டிய இடத்துல தூசி மட்டும்.

ப்ளக்கை மாத்தி போட்டேன், பவர் லைட் வந்துச்சு, எல்ஓஎஸ்னு ஒரு லைட் இருக்கும் பாருங்க அது சிவப்புல மினுக்க ஆரம்பிச்சது. ஃபைபருக்குள்ள லைட் வரலைன்னு அர்த்தம். அந்த லைட்டோட பலத்தை அளக்கற பவர் மீட்டர் வச்சா மைனஸ் 34 டிபிஎம். இதுக்கெல்லாம் மைனஸ் 27க்குள்ள இருந்தாதான் லைன் நிக்கும், 34ன்றது செத்த மாதிரிதான். சரின்னு லைனைப் புடிச்சுக்கிட்டே நடந்தேன், நாலாவது கம்பத்துக்கும் அஞ்சாவது கம்பத்துக்கும் நடுவுல ஒரு சில்வர் ஓக் கிளை முறிஞ்சு கேபிள் மேல சாஞ்சு கிடக்கு, கேபிள் நம்ம ஹேர்பின் வளைவு மாதிரி மடங்கி நிக்குது. கிளையைத் தள்ளி கேபிளைத் தூக்கி கட்டினேன். திரும்பி வந்து மீட்டர் வச்சா மைனஸ் 22. ஒரு மரக்கிளை, செயலர் கணக்குப்படி 11 மாசம். அந்த 11 மாசமும் அந்த ஊராட்சி "இணைக்கப்பட்டது" லிஸ்ட்லதான் இருந்திருக்கும்.

அதனால நீங்க போகும்போது பாக்க வேண்டியது நாலே விஷயம்தான்: பவர் லைட் எரியுதா, எல்ஓஎஸ் சிவப்பு அணைஞ்சிருக்கா, பேட்டரி இருக்கா, கரண்ட் போனா எவ்ளோ நேரம் தாங்குது. செயலர் அனுமதியோட ஒரு போட்டோ எடுத்துக்குங்க, தேதி தெரியற மாதிரி. அவரோட சண்டைக்கு மட்டும் போகாதீங்க, பாவம் அவருக்கு தண்ணி மோட்டார், தெருவிளக்கு, வீட்டு வரி, 100 நாள் வேலைன்னு ஆயிரம் தலைவலி, அந்த டப்பா யாரோடதுன்னே அவருக்கு யாரும் எழுதிக் கொடுத்திருக்க மாட்டாங்க. பின்னாடி கிராம சபையில தீர்மானம் எழுதப் போறவரும் அவர்தான், ஞாபகம் இருக்கட்டும்.

கூடவே ஒரு 40 பக்க நோட்டு வாங்கி உங்க ஊர்ல நெட் எப்படி இருக்குன்னு ரெண்டு வாரம் எழுதுங்க. டெலிகாம் ஒழுங்குமுறை ஆணையம், அதாவது டிராய், விடற மைஸ்பீடு ஆப் இருக்கு, அதுல காலைல ஒருதரம், சாயங்காலம் ஒருதரம், ராத்திரி 9 மணிக்கு ஒருதரம். 2 எம்பிபிஎஸ் கூட வரலைன்னா சட்டப்படி அது பிராட்பேண்டே கிடையாது, 2023லருந்து குறைஞ்சபட்ச வரையறை அதான், அதுக்கு முன்னாடி 512 கேபிபிஎஸ்னு வெட்கமில்லாம வச்சிருந்தாங்க. நம்பரோட சேத்து நடந்ததையும் எழுதுங்க, "ரேஷன் கடையில கைரேகை மெஷின் வேலை செய்யாம 34 கார்டு திரும்பிச்சு", "வருகைப்பதிவு போட்டோ ஏத்த மேட் அக்கா ரெண்டு கிலோமீட்டர் நடந்துச்சு" இப்படி. 100 நாள் வேலைக்கு 2023 ஜனவரியிலருந்து ஆப்புல ரெண்டு வேளை போட்டோ ஏத்தணும்னு கட்டாயமாக்கினது அரசாங்கம்தான், அப்ப அதை ஏத்த லைன் கொடுக்கறது யாரு வேலைன்னு கேக்கறதுக்கு இந்த நோட்டுதான் ஆதாரம்.

தகவல் உரிமைச் சட்டத்துல கேளுங்க, குறை சொல்லாதீங்க

ஆர்டிஐ போடறப்ப எல்லாரும் பண்ற தப்பு "ஏன் எங்க ஊருக்கு தரல"ன்னு கேக்கறது. "ஏன்"னு கேட்டா பதில் சொல்ல வேண்டிய கடமை அவங்களுக்கு இல்ல, அவங்ககிட்ட இருக்கற ஆவணத்தைத்தான் கேக்கணும். மாநில அரசு சம்பந்தப்பட்டதுன்னா, அதாவது டான்ஃபிநெட், யூனியன் ஆபீஸ், வெள்ளைப் பேப்பர்ல எழுதி 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினா போதும். பிஎஸ்என்எல் மத்திய அரசு நிறுவனம், அங்க அந்த ஸ்டாம்ப் செல்லாது, 10 ரூபாக்கு போஸ்டல் ஆர்டர் எடுக்கணும். நான் முதல் தடவை ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பிட்டு ஒரு மாசம் காத்திருந்து திரும்பி வாங்கினேன்.

நான் எழுதினதை அப்படியே தரேன், ஊர்ப் பேரை மட்டும் மாத்திக்குங்க:

"1. எங்கள் ஊராட்சியில் கண்ணாடி இழை இணைப்பு செயல்பாட்டுக்கு வந்த தேதி. 2. கடந்த 12 மாதங்களில் அந்த இணைப்பு செயல்பட்ட மற்றும் செயலிழந்த நாட்களின் மாதவாரி விவரம். 3. பராமரிப்பு ஒப்பந்தம் பெற்ற நிறுவனத்தின் பெயர், பழுது நீக்கக் கால வரம்பு, அபராத விதி உள்ள பக்கங்களின் நகல். 4. இந்த ஊராட்சிக்கு உட்பட்ட கிராமங்களில் இருந்து இணைப்புக் கோரி பெறப்பட்ட கோரிக்கைகளின் பட்டியலும் ஒவ்வொன்றின் மீதும் எடுக்கப்பட்ட நடவடிக்கையும். 5. ஊராட்சி எல்லைக்குள் கேபிள் செல்லும் வழித்தட வரைபடத்தின் நகல்."

மூணாவது கேள்விதான் உயிர். அபராத விதி நகல் கைக்கு வந்துட்டா அப்புறம் நீங்க பேசற தொனியே மாறிடும். 30 நாள்ல பதில் வரணும், வரலைன்னா அடுத்த 30 நாளுக்குள்ள அதே ஆபீஸ்ல மேல் அதிகாரிக்கு முதல் மேல்முறையீடு. தப்பான ஆபீசுக்கு அனுப்பிட்டாலும் கவலை வேண்டாம், 5 நாளுக்குள்ள சரியான ஆபீசுக்கு மாத்தி அனுப்பணும்னு சட்டத்துல 6(3) இருக்கு.

கேக்கறவங்க லிஸ்ட்

ஊர்ல வீடு வீடா போங்க, ஒரு ஞாயித்துக்கிழமை போதும். வீட்டுத்தலைவர் பேரு, படிக்கிற புள்ளைங்க எத்தனை, மாசம் எவ்ளோ கட்ட முடியும், கையெழுத்து. "எவ்ளோ கட்ட முடியும்"ன்ற கட்டத்தை விட்டுடாதீங்க, லைன் இழுக்கற எவனும் முதல்ல கேக்கறது அதைத்தான், "மேல போட்டா யாரு சார் வாங்குவா"ம்பான். 60 வீடு, 45 வீடு சம்மதம், சராசரி 200 ரூபான்னு காட்டினா அது மனு மாதிரி இருக்காது, வியாபாரம் மாதிரி இருக்கும். ஸ்கூல், அங்கன்வாடி, ரேஷன் கடை, துணை சுகாதார நிலையம் இதெல்லாம் தனியா எழுதுங்க, இந்த மாதிரி அரசு இடங்களுக்கு லைன் கொடுக்கறது திட்டத்துலயே இருக்கு, அதை முன்னாடி வச்சா வீடுங்க பின்னாடி தானா வரும்.

ஊர்ப் பேர்ல ஒரு சிக்கல் இருக்கு. நாம கூப்பிடற பேரு ஒண்ணு, வருவாய் கிராமக் கணக்குல இருக்கற பேரு ஒண்ணு. விஏஓகிட்ட போய் கணக்குல என்ன பேரு, எந்த வருவாய் கிராமத்துக்குள்ள வருதுன்னு கேட்டு ரெண்டையும் எழுதுங்க. இல்லேன்னா "அப்படி ஒரு கிராமம் பட்டியலில் இல்லை"ன்னு ஒரே வரியில முடிச்சுடுவாங்க.

கிராம சபை, அங்கதான் வேலை இருக்கு

வருஷத்துல 6 நாள் கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தலைவர் இருந்தாலும் சரி தனி அலுவலர் இருந்தாலும் சரி கூட்டம் நடக்கணும். ஒரு வாரம் முன்னாடியே செயலர்கிட்ட பொருள் சேக்க எழுதிக் கொடுங்க, அன்னைக்கு போய் மைக்கைப் புடிச்சு பேசினா கைதட்டு கிடைக்கும், தீர்மானப் புத்தகத்துல ஏறாது. ஏறிச்சான்னு கண்ணால பாத்துட்டு, தீர்மான எண்ணைக் குறிச்சுக்கிட்டு, நகல் வாங்கிட்டுதான் வீட்டுக்குப் போகணும்.

தீர்மானத்துல என்ன எழுதணும்? ஒண்ணு, திருத்தப்பட்ட பாரத்நெட்படி இந்த கிராமம் இணைப்பு கோருகிறதுன்னு தெளிவா, கையெழுத்து லிஸ்ட் இணைப்போட. இன்னொண்ணு நிறைய பேருக்கு தெரியாதது, மலை ஊருக்கு ரொம்ப முக்கியம். 2006 வன உரிமைச் சட்டத்துல 3(2)ன்னு ஒரு பிரிவு, வனவாசிகளுக்கான வசதிக்கு ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஹெக்டேருக்குள்ள வன நிலத்தை விடலாம்னு 13 வசதி பட்டியல் போட்டிருக்காங்க, ஸ்கூல், ரேஷன் கடை, ரோடுன்னு, அதுல "மின்சார மற்றும் தொலைத்தொடர்பு கம்பிகள்"னும் இருக்கு. வெட்டற மரம் ஹெக்டேருக்கு 75க்கு மேல போகக் கூடாது, கிராம சபை பரிந்துரை கட்டாயம் வேணும். அதாவது உங்க பரிந்துரை இல்லாம அந்த வழி தொறக்காது, உங்க பரிந்துரை இருந்தா "ஃபாரஸ்ட் விடமாட்டாங்க"ன்ற சாக்கு எடுபடாது. இங்க பெரும்பாலும் மலையாளின்னு பேரு உள்ள மலைவாழ் மக்கள், பழங்குடி பட்டியல்ல இருக்கறவங்க, இந்தச் சட்டமே அவங்களுக்காக வந்ததுதான்.

ரோட்டோரமா மண்ணுக்குள்ள போடறதுன்னா அதுக்கு இன்னும் லேசான வழி இருக்கு. ஏற்கனவே இருக்கற ரோட்டு எல்லைக்குள்ள, மரம் வெட்டாம, 2 மீட்டர் ஆழம் 1 மீட்டர் அகலத்துக்கு மிகாத பள்ளத்துல கண்ணாடி இழை கேபிள் போட வனப் பாதுகாப்புச் சட்டத்துல பொது அனுமதி இருக்கு, சரணாலயமோ தேசியப் பூங்காவோ இல்லாத இடம்னா. ஏற்காடு இருக்கற சேர்வராயன் மலையில சரணாலயம் கிடையாது. ஆனா நேர்மையா சொல்லணும்னா இங்க மண்ணு ஒரு அடிக்குக் கீழ பாறை, பள்ளம் தோண்டற செலவைக் கேட்டாலே காண்ட்ராக்டர் ஓடிடுவான், அதனால கம்பத்துல தொங்க விடறதுதான் நடக்கற காரியம், அதுக்கு மின்வாரிய கம்பம் வேணும். கேரளாவுல கேஃபோன்னு அரசு ஃபைபர் திட்டம் கொண்டு வந்தப்ப மின்வாரியத்தையே பங்குதாரரா சேத்துக்கிட்டாங்க, கம்பம் பிரச்சனை வீட்டுக்குள்ளயே முடிஞ்சது. நம்ம ஊர்ல ஒவ்வொரு கம்பத்துக்கும் ஒவ்வொரு ஆபீஸ். தீர்மானத்துல "மின்கம்பங்களைப் பயன்படுத்த அனுமதிக்கப் பரிந்துரை"ன்னு ஒரு வரி சேத்துடுங்க.

நெடுஞ்சாலைத்துறை, யூனியன், ஊராட்சின்னு ரோடு யாருதோ அவங்க அனுமதி தரணும், இழுத்தடிச்சா என்ன பண்றதுன்னு 2016 வழி உரிமை விதியிலயே இருந்துச்சு, 60 நாள்ல பதில் சொல்லலைன்னா அனுமதி கொடுத்ததா எடுத்துக்கணும்னு. 2025 ஜனவரி 1லருந்து அதுக்குப் பதிலா புது விதி நடைமுறையில இருக்கு, விண்ணப்பம் எல்லாம் ஆன்லைன் போர்ட்டல் வழியா. இது கம்பெனிக்காரன் வேலைதான், ஆனா "பர்மிஷன் வரல"ன்னு அவன் சொன்னா "எந்த தேதியில அப்ளை பண்ணீங்க, நம்பர் சொல்லுங்க"ன்னு கேளுங்க. பாதி பேர் அப்ளையே பண்ணிருக்க மாட்டாங்க.

யாருக்கெல்லாம் அனுப்பணும்

தீர்மான நகல், வீட்டு லிஸ்ட், நோட்டு ஜெராக்ஸ், டப்பா போட்டோ, ஆர்டிஐ பதில் இதை எல்லாம் ஒரே கட்டா கட்டி பிடிஓ, கலெக்டர், டான்ஃபிநெட், சேலம் பிஎஸ்என்எல் பொது மேலாளர். 1100ல முதல்வரின் முகவரிக்கும் ஒரு பதிவு. எம்எல்ஏ ஏற்காடு தொகுதி, அது எல்லாருக்கும் தெரியும். எம்பி விஷயத்துலதான் பாதி ஊரு ஏமாறுது, சேலம் எம்பி ஆபீஸ்ல போய் நிப்பாங்க. ஏற்காடு சட்டமன்றத் தொகுதி வர்றது கள்ளக்குறிச்சி மக்களவைத் தொகுதிக்குள்ள. நம்ம எம்பி அங்கதான். மத்திய அரசு திட்டங்களை மாவட்டத்துல ஆய்வு பண்ற திஷா குழுன்னு ஒண்ணு எம்பிங்க தலைமையில கூடும், அந்தக் கூட்டத்துல "67ல எத்தனை"ன்ற கேள்வியை ஒரு தடவை அவர் வாயால கேக்க வச்சுட்டா அடுத்த வாரமே ஜீப்பு மேல ஏறும். கேள்வியை நீங்களே துண்டுச் சீட்டுல எழுதிக் கொடுங்க, நம்பரோட, அவங்களுக்கும் அது வசதி.

லைன் வந்துச்சு, காசு?

ஐநாவோட பிராட்பேண்ட் கமிஷன் ஒரு அளவுகோல் வச்சிருக்கு, நாட்டோட தலா வருமானத்துல மாசக் கணக்குக்கு 2 சதவீதத்துக்குள்ள அடிப்படை பிளான் இருக்கணும்னு. நாடு பூரா சராசரி போட்டா நாம பாஸ். எஸ்டேட்டுல மிளகு பறிக்கிற குடும்பத்துக்குப் போட்டுப் பாருங்க, மாசம் 10,000 வருதுன்னு வச்சா 2 சதவீதம் 200 ரூபா. 399னு போஸ்டர் ஒட்டின பிளான் 18 சதவீதம் ஜிஎஸ்டி சேந்து 470.82. ரெண்டு மடங்குக்கும் மேல. கீழ அம்மாபேட்டை தறிக்காரங்க வீட்டுலயும் இதே கணக்குதான், கம்பி வாசல் வரைக்கும் வந்திருக்கு, உள்ள வரல.

இதுக்கு என்ன கேக்கலாம்? கேஃபோன் 2023 ஜூன்ல ஆரம்பிச்சப்ப 20 லட்சம் ஏழைக் குடும்பத்துக்கு இலவச இணைப்புன்னு இலக்கு வச்சாங்க. நெட்டை கல்வி உரிமையோட ஒரு பகுதின்னு கேரளா ஹைகோர்ட்டே 2019ல, ஹாஸ்டல்ல செல்போன் தடை போட்ட வழக்குல சொல்லிருக்கு. அமெரிக்காவுல வேற மாதிரி பண்ணினாங்க, மாசம் 30 டாலர் வரைக்கும் பில்லுல கழிவு, 2.3 கோடி குடும்பம் சேந்துச்சு, ஒதுக்கின பணம் தீந்ததும் 2024 ஜூன்ல திட்டமே நின்னு போச்சு. அதனால மானியம்னு கேக்கறப்ப வருஷா வருஷம் பணம் எங்கருந்துன்னும் சேத்துக் கேளுங்க, டிஜிட்டல் பாரத் நிதியோட 2024 விதியில பொருளாதாரத்துல நலிஞ்சவங்க, பெண்கள், மாற்றுத்திறனாளிகள்னு தனியா சொல்லிருக்கு, கேக்கறதுக்கு அந்த வாசல் இருக்கு.

அது வர்ற வரைக்கும் என் ஆலோசனை பிஎம் வாணி, மத்திய அரசோட பொது வைஃபை திட்டம். 2020 டிசம்பர்ல வந்தது. ஊர்ல ஒரு மளிகைக் கடையோ டீக்கடையோ ஒரு ஃபைபர் லைன் வாங்கி வைஃபை பெட்டி வச்சு 5 ரூபா 10 ரூபா கூப்பன்ல நெட் விக்கலாம், கடைக்காரருக்கு லைசென்சும் வேண்டாம் பதிவுக் கட்டணமும் வேண்டாம், இந்த மாதிரி கடைங்களை ஒண்ணா சேத்து நடத்தற, பதிவு பண்ணின ஒரு அக்ரிகேட்டர்கிட்ட சேந்துக்கிட்டா போதும். முன்னாடி இதுல ஒரு பெரிய இடைஞ்சல், கம்பெனிங்க கடைக்கு சாதா வீட்டு லைன் தரமாட்டேன், கம்பெனிங்களுக்கு தர்ற தனி லைன், லீஸ்டு லைன் எடுன்னு யானை விலை சொல்வாங்க. 2025 ஜூன்ல டிராய் அதுக்கு கடிவாளம் போட்டுச்சு, 200 எம்பிபிஎஸ் வரைக்குமான பிளானுக்கு வீட்டு விலையை விட ரெண்டு மடங்குக்கு மேல வாங்கக் கூடாதுன்னு. "எங்களுக்கு அந்த ஆர்டர் வரல"ன்னு சொன்னா பிரிண்ட் எடுத்துட்டுப் போய் மேசையில வைங்க.

இந்த டிராய் ஆர்டரெல்லாம் எப்படி வருதுன்னா முதல்ல ஒரு கலந்தாய்வு அறிக்கை வெளியிட்டு யார் வேணா கருத்து அனுப்பலாம்பாங்க. அனுப்பறவங்க பட்டியலைப் பாத்தீங்கன்னா பூரா கம்பெனியும் சங்கமும்தான். நம்ம நோட்டுல இருக்கற ரெண்டு வாரக் கணக்கை ஒரு பக்க மெயிலா அனுப்பி வைங்க, அதுவும் பதிவுல ஏறும்.

கடைசியா லைன் இழுக்கற அன்னைக்கு

அன்னைக்கு ஊர்க்காரங்க ரெண்டு பேரு கூடவே நடங்க, சும்மா டீ வாங்கிக் கொடுக்கற சாக்குல. ஒரு லைனைப் பல வீட்டுக்கு பிரிக்கற ஸ்ப்ளிட்டர் எங்க வைக்கறாங்கன்னு பாருங்க, ஒரு லைட்டை 32ஆ பிரிச்சா பலத்துல 17 டிபி போயிடும், 8ஆ பிரிச்சா 10தான், அதுவே 7 கிலோமீட்டர் கேபிள்ல போறது ரெண்டரை டிபி கூட வராது, ஆக தூரத்தை விட பிரிக்கறதுலதான் ஏமாத்த முடியும். வேலை முடிஞ்சதும் ஒவ்வொரு இடத்துலயும் மீட்டர்ல என்ன வந்துச்சுன்னு கேட்டு உங்க நோட்டுலயே எழுதி அவன்கிட்ட கையெழுத்து வாங்குங்க, ஆறு மாசம் கழிச்சு பழுதானா ஒப்பிட்டுப் பாக்க அதுதான் கையில இருக்கும். அப்புறம் முக்கியமா கம்பத்துல லூப் விடச் சொல்லுங்க, அரை கிலோமீட்டருக்கு ஒரு இடத்துல 15 மீட்டராவது சுருட்டி கட்டி வைக்கணும். கேபிள் மிச்சம் பிடிக்கறதுக்காக விறைப்பா இழுத்துக் கட்டிட்டு போயிடுவாங்க, அப்புறம் கோடை மழைக் காத்துல ஒரு மரம் சாஞ்சா இழுத்துப் புடிச்சு ஒட்டறதுக்கு ஒரு முழம் கேபிள் இருக்காது, புது ட்ரம்முக்கு சேலம் இறங்கணும், கோடை விழா சமயம்னா ட்ராஃபிக்ல ஏறி வர்றதுக்குள்ள ரெண்டு நாள் போயிடும்.